கையெழுத்துக் கொடிக்கு ஏற்ற பிரேம் கடை: யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த வேலைக்காரர்

துணியில் போட்ட கையெழுத்தை ஒட்டாமல், நசிக்காமல், மை கலையாமல் பிரேமுக்குள் வைத்துத் தரத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஸ்டான்லி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் அவருடைய கடை. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தனியாள், இப்போது இருக்கிற வேலையே அவருக்குக் காணும். வேலையைப் பற்றி எழுத மட்டும் சம்மதித்தார். தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் கையெழுத்துக்களை, முக்கியமாகக் குழிக்கம்பில் பறக்கிற கொடிகளில் போட்டவற்றை, சேர்க்கிற எனக்கு, கொழும்புக்கு அனுப்பாமல் ஊரிலேயே இப்படி ஒரு கை கிடைத்தது பெரிய காரியம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் கையெழுத்தா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு பதில். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொழும்பில் இருந்த காலத்தில் நுகேகொடையில் அறை எடுத்து, களனிவெளி ரயிலில் போய்வந்தேன். அந்தத் தண்டவாளம் பொரளைப் பக்கம் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானத்துக்கு ஊடாகவே போகிறது. 1879இல் தொடங்கிய கழகம். ரயில் கடந்து போகும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார்கள். யன்னலால் பார்த்த அந்தப் புல்வெளிதான் தொடக்கம்.

பிறகு இந்த விளையாட்டில் கையெழுத்துக்கு இருக்கிற இடம் தெரியவந்தபோது முழுக்கவே அதற்குள் விழுந்துவிட்டேன். கோல்ஃபில் சக ஆட்டக்காரர் எழுதுகிற ஸ்கோர் அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது வீரரின் பொறுப்பு. கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களில் ஒன்று அமெரிக்காவின் மாஸ்டர்ஸ். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் ஆர்ஜென்டினாவின் ரொபேர்ட்டோ டி விசென்ஸோ 17ஆவது குழியை 3 அடியில் முடித்தார். அட்டையில் அது 4 என்று எழுதப்பட்டிருந்தது. அவர் கவனிக்காமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிய எண்ணிக்கையில் கையெழுத்து வைத்துவிட்டால் அது அப்படியே நிற்கும் என்பது விதி. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பட்டம் பொப் கோல்பிக்குப் போனது. அன்று டி விசென்ஸோவுக்கு 45ஆவது பிறந்தநாள். காசோலைக்கும் பற்றுச்சீட்டுக்கும் நடுவில் வாழ்நாளைக் கழித்த என்னைப் போன்றவனுக்கு, ஒரு கையெழுத்தின் பாரம் என்ன என்று இதைவிடச் சொல்லித்தர வேறு கதை வேண்டாம்.

தொப்பி, கையுறை, பந்து, படம் என்று பலதும் சேர்க்கலாம். எனக்குக் கொடிதான். 2021 ஏப்ரலில் ஹிடேக்கி மட்சுயாமா மாஸ்டர்ஸ் வென்றார். பெரும் பட்டம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானிய ஆண் அவர். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில், அவருடைய பையைச் சுமந்த கெடி ஷோட்டா ஹயாஃபுஜி 18ஆவது குழியின் மஞ்சள் கொடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கம்பைத் திரும்பக் குழியில் நட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, மைதானத்தைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். கொடியை வெறும் துணியாகப் பார்க்க அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. மாஸ்டர்ஸ் கொடியில் இன்னொரு எழுதாத மரியாதையும் உண்டு. நடுவில் இருக்கிற அமெரிக்க வரைபடச் சின்னத்துக்குள் கையெழுத்து வைப்பது அந்தப் பட்டத்தை வென்றவர்களுக்கு உரியது. மற்றவர்கள் வெளியில் வைப்பார்கள்.

கடைக்கு நான் கொண்டுபோனது மாஸ்டர்ஸ் கொடி அல்ல. 2024 கனடியன் ஓப்பன் கொடி. ரொறன்ரோவில் இருக்கிற மருமகன், என் தங்கச்சியின் மகன், அந்த வாரம் ஹமில்டனுக்குப் போய், மைதானக் கடையிலேயே கொடியை வாங்கி, கயிற்றோரம் நின்று ஸ்கொட்லாந்து வீரர் ரொபேர்ட் மக்கின்டயரிடம் கையெழுத்து வாங்கினான். அந்த வாரம் அவருக்கு வழமையான கெடி இல்லை. தகப்பன் டூகியைக் கூப்பிட்டார். டூகிக்கு ஓபன் என்ற ஊரில் கிளென்குரூட்டன் மைதானத்தின் புல்லைப் பராமரிக்கிற வேலை. ஸ்கொட்லாந்திலிருந்து பறந்து வந்து மகனின் பையைச் சுமந்தார். மகன் வென்றார். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிச் சுற்றான பிஜிஏவில் அதுதான் அவருடைய முதல் வெற்றி. தொலைக்காட்சியில் தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதைக்கக் கதைக்க, எங்கள் வீட்டில் கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாத என் மனைவியும் அழுதுவிட்டாள். பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட தகப்பன்மார் நிறைந்த ஊர் இது. அந்தக் கொடியை நான் என்ன விலைக்கும் விற்கமாட்டேன்.

கையெழுத்து உண்மையானதா என்ற பேச்சு வரும். மக்கின்டயர் கையெழுத்துப் போடும்போது எடுத்த படத்தையும் கொடி வாங்கிய பற்றுச்சீட்டையும் மருமகன் சேர்த்தே அனுப்பினான். என் கணக்கில் அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. அச்சடித்த சான்றிதழை மட்டும் நம்பி வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் எஃப்பிஐ தொண்ணூறுகளின் கடைசியில் 'ஒப்பரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. அவர்களிடம் அகப்பட்டவற்றில் அன்னை தெரேசா கையெழுத்து வைத்ததாகச் சொன்ன பேஸ்போல் பந்தும் இருந்தது. சான்றிதழ் அச்சடிக்கத் தெரிந்தவனுக்குக் கையெழுத்து வரைவதும் தெரியும்.

ஓர் இணையக் கடையில் டைகர் வூட்ஸ் கையெழுத்திட்ட பந்து என்று ஒன்று மலிவு விலைக்கு வந்ததைப் போன வருடம் பார்த்தேன். பளபளவென்று சான்றிதழும் கூடவே. வூட்ஸ் பந்தில் கையெழுத்து வைப்பதைத் தவிர்ப்பவர் என்பது இந்த வட்டாரத்தில் பரவலாகத் தெரிந்த விஷயம். அவருடைய கையெழுத்துப் பொருட்களுக்கு அப்பர் டெக் நிறுவனத்தோடு நீண்ட கால ஒப்பந்தம் உண்டு. அவற்றில் இலக்கத்தோடு ஒரு ஹொலோகிராம் வில்லை ஒட்டியிருக்கும். இந்தப் பந்தில் அதுவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டத்தில் போட்ட கையெழுத்து என்றால் கோடு தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் மெலிந்து இழுபடும். பார்த்து வரைந்ததில் இரண்டு முனையும் மழுங்கி இருக்கும். வளைவுகளில் பேனை தயங்கித் தயங்கி நின்ற இடத்தில் மை திரளும். மாதிரிக் கையெழுத்து அட்டையையும் காசோலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண்ணுக்கு இது உடனே பிடிபடும். அதேபோல இரண்டு கையெழுத்து அச்சொட்டாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினாலும் சந்தேகப்பட வேண்டும். மனிதக் கை ஒருமுறை போட்டதைப் போலவே மறுமுறை போடாது, இயந்திரம்தான் போடும்.

இனிப் பிரேம் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பிரேம் கடைகளில் பெரும்பாலும் சாமிப்படமும் செத்தவீட்டுப் படமும் பட்டமளிப்புப் படமும்தான் வேலை. எல்லாவற்றையும் ஹார்ட்போட்டில் பசையால் ஒட்டி, மேலே கண்ணாடியை நேராக வைத்து அறைந்துவிடுவார்கள். வேறோர் ஊரில் உள்ள ஒரு கடை முன்பு என்னுடைய கையெழுத்துப் படம் ஒன்றை அப்படித்தான் செய்து தந்தது. ஒட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். இரண்டு மாரி போக, பசை ஊறி ஓரமெல்லாம் மஞ்சள் பூத்தது. படத்தின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கையெழுத்தின் பாதி கண்ணாடியோடு போய்விடும். கேட்டதற்கு, 'மழைக்கு அப்படித்தான்' என்றார்கள். மழை எல்லா வருடமும் வருகிற ஊரில் அது ஒரு பதிலா?

ஸ்டான்லி வீதி அண்ணையிடம் கொடியை விரித்தபோது அவர் முதலில் செய்தது கையைக் கழுவிக்கொண்டு வந்தது. பிறகு கொடியைத் தொடாமல், மேசை விளக்கைப் பக்கவாட்டில் இழுத்து வைத்துக் குனிந்து பார்த்தார். கையெழுத்து துணியின் இழைக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

"என்ன பேனையாலை போட்டது, சேர்?"

"ஷார்ப்பி மார்க்கர், அண்ணை."

"அப்ப தண்ணிக்கு நிக்கும். வெயிலுக்கு நில்லாது. இதை ஒட்டேலாது. ஒட்டினா பசை ஊறி மையைக் கிளப்பிப்போடும். தைக்கத்தான் வேணும்."

சரியான பதில். சாதாரண ஷார்ப்பி மார்க்கரில் இருப்பது சாய மை. ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கும், வெளிச்சம் பட்டால் கறுப்பு மெல்ல மெல்ல ஊதாவும் மண்ணிறமுமாக வெளுக்கும். கோல்ஃப் கொடியைத் தன் வாழ்நாளில் அன்றுதான் கண்ட ஒருவர் இதைச் சொன்னபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அவர் தைத்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். கொடி ஏறத்தாழ 20 அங்குலம் நீளம், 14 அங்குலம் உயரம். அதைவிடப் பெரிதாக, அமிலம் இல்லாத மவுண்ட் போட் ஒன்றை வெட்டி, அதன்மேல் கஞ்சி போகக் கழுவி உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தினார். கொடியை அதன்மேல் வைத்து ஓரங்களைப் பென்சிலால் மெதுவாகக் குறித்துவிட்டு, கொடியை எடுத்து அப்பால் வைத்தார். குறித்த இடங்களில் ஊசியால் போட்டில் துளைகளை முன்கூட்டியே போட்டுக்கொண்டார். பிறகுதான் கொடி திரும்ப வந்தது. தையல் நூலுக்கு அவர் எடுத்தது மிக மெல்லிய தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் இழை. கரையூரில் இருந்து வாங்கியதாம். கொடியின் மடித்துத் தைத்த கரையில் ஏற்கெனவே இருக்கிற தையல் துளைகளுக்குள்ளேயே ஊசியை விட்டு எடுத்தார். அச்சடித்த பகுதியில் ஒரு குத்துக்கூட இல்லை. ஒவ்வொரு தையலையும் இறுக்காமல் ஒரு மயிரிழை தளர்த்தி விட்டார். வெயில் காலத்தில் துணி ஒருவிதமாகவும் மாரியில் வேறுவிதமாகவும் நிற்கும், இறுக்கினால் மூலைகளில் சுருக்கு விழும் என்றார். தங்கூசி கண்ணுக்குத் தெரிவதேயில்லை. ஒரு முழத் தூரத்தில் நின்றால் கொடி தானாகவே துணியில் தங்கியிருப்பதுபோல இருக்கிறது.

கொடியின் முகத்துக்கும் முன்னால் வருகிற தகட்டுக்கும் இடையில் கால் அங்குல இடைவெளி விட்டிருக்கிறார். பிரேமின் உள் விளிம்பு நெடுக ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடுகிறது. பார்வைக்கு அது மறைவு. எங்கள் காற்றின் ஈரம் தகட்டின் உட்புறம் வியர்த்தாலும் மையைத் தொடாது. பின்பக்கத்தில் ஹார்ட்போட் வைத்தாலும் அதற்கும் மவுண்ட் போட்டுக்கும் நடுவில் பொலியெஸ்டர் தாள் ஒன்று. முழுவதையும் சுற்றி நாடா ஒட்டி அடைத்திருக்கிறார். புத்தகங்களைத் தின்கிற இராமபாணப் பூச்சி நுழைய வழியில்லை. கீழ் மூலை இரண்டிலும் றப்பர் பொத்தான் வைத்ததால் பிரேம் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கார்த்திகை மழைக்குச் சுவர் ஊறுகிற வீடுகளுக்கு இந்தச் சின்னப் பொத்தான்தான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

முன் தகடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடி அவரிடம் எப்போதும் உண்டு. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற அக்ரிலிக், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு, வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். பஸ்சில் பொதியாக வரும். நான் அதைத்தான் கேட்டேன். அதனால் நாள் இழுபட்டது. முதலில் வந்த தகட்டில் ஒரு கீறல் இருந்ததால் திருப்பி அனுப்பினார். நான் கவனித்திருக்கவே மாட்டேன், அவர்தான் கண்டுபிடித்தார். அக்ரிலிக் பாரம் குறைவு, விழுந்தால் நொறுங்கிக் கொடியைக் கிழிக்காது. ஆனால் லேசில் கீறு விழும். உலர்ந்த துணியால் துடைத்தால் மின்னேற்றம் பிடித்துத் தூசியை இன்னும் இழுக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவமும் கூடாது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி போதும். இதையெல்லாம் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிப் பிரேமின் பின்னால் ஒட்டித் தந்தார். இன்னொன்று, எந்தத் தகடு போட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மையை வெளுக்க வைக்கும். விறாந்தையிலும் யன்னலுக்கு எதிரிலும் மாட்டாதீர்கள். என்னுடையது வடக்குப் பக்க அறையின் உட்சுவரில் இருக்கிறது.

தேக்குச் சட்டம், மவுண்ட் போட், அக்ரிலிக், கூலி எல்லாம் சேர்த்து 16,500 ரூபா எடுத்தார். சாதாரணக் கண்ணாடியோடு என்றால் இதே அளவு அரைவாசிக்குக் கிட்ட முடிந்திருக்கும். குறைந்த விலை என்று சொல்லமாட்டேன். ஆனால் தையலுக்கு மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கக் குனிந்திருந்த மனிதருக்கு இது நியாயமான கூலி. பேரம் பேசவில்லை. நீங்களும் பேசாமல் இருந்தால் நல்லது.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்குத் தரமாட்டார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் முருகன் படங்கள் வந்து குவிந்துவிடும், அப்போது வேறு வேலையைத் தொடவே மாட்டார். கடையில் இடம் போதாது. முடிந்த பிரேம்களைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று சாத்தி வைத்திருக்கிறார்; அந்த ஒழுங்கில் என் கொடி இரண்டு நாள் நின்றது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. சட்டத்தில் அவரிடம் இருக்கிற தெரிவும் குறைவு. பொன்னிறப் பூவேலைச் சட்டம் நிறைய உண்டு, அது சாமிப்படத்துக்கு. அலங்காரம் இல்லாத மரச்சட்டம் இரண்டே வகை. கொடிக்கு அலங்காரம் இல்லாததே எடுப்பு.

பந்துக்கும் கையுறைக்கும் அவரிடம் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பந்து என்றால் பெட்டி செய்ய வேண்டும். அவர் செய்து காட்டிய மாதிரிப் பெட்டியில் பந்து உருளாமல் இருக்க அடியில் ஸ்பொஞ்ச் வைத்திருந்தார். அந்த ஸ்பொஞ்ச் நாள்பட்டு உதிர்ந்து பந்தில் ஒட்டிக்கொள்ளும். கோல்ஃப் பந்து 1.68 அங்குல விட்டம். மேற்பரப்பு முழுக்கக் குழி. அதில் கையெழுத்தே உடைந்து உடைந்துதான் விழும், மேலே தேய்ந்தால் மிச்சமும் போய்விடும். அதற்கு அடியில் வளையம் வைத்த அக்ரிலிக் கனசதுரப் பெட்டிகள் வெளியில் விற்கிறார்கள். அவற்றை வரவழைப்பதே நல்லது. தோல் கையுறையில் எண்ணெய் ஊறி மை பரவும் என்பதால் நான் கையுறை சேர்ப்பதையே விட்டுவிட்டேன்.

படங்களுக்கு அவர் நல்லவர். ஆர்னல்ட் பாமர் கையெழுத்துப் படம் ஒன்றை ஒட்டாமல், நான்கு மூலைக்கும் காகிதக் கூடு மடித்து அதற்குள் செருகித் தந்திருக்கிறார். எந்த நேரமும் பிரேமைப் பிரித்துப் படத்தைச் சேதமில்லாமல் எடுக்கலாம். நான்கு முறை மாஸ்டர்ஸ் வென்ற பாமர், தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கக்கூடியதாகக் கையெழுத்து வைத்தவர். கிறுக்கி வைக்கிற இளம் வீரர்களைக் கண்டித்தவர். வெயிலில் வரிசையில் நின்றவனுக்கு யாருடைய கையெழுத்து என்று தெரியாவிட்டால் என்ன பயன் என்பது அவர் எண்ணம். வங்கியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிவந்தேன். 2016இல் அவர் காலமானார். அந்தப் படத்தை அண்ணை மூடும்போது, "இந்த ஆள் வடிவா எழுதியிருக்கிறார்" என்றார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வாசிக்க வராது. கை தெரிகிறது.

அடுத்ததாக அவரிடம் கொண்டுபோக நான் ஆசைப்படுவது என். தங்கராஜாவின் கையெழுத்து. இலங்கையிலிருந்து போய் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்ற நம்மவர். டைகரையும் மக்கிலறோயையும் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாமல் இருப்பது எனக்கு மனக்குறை. றோயல் கொழும்புக் கொடி ஒன்றில் அவருடைய கையெழுத்தைத் தமிழில் வாங்க வேண்டும். கொழும்பில் போட்டி நடக்கும்போது நேரில் போய்ப் பயிற்சிப் புல்வெளிப் பக்கம் நிற்பதாகத் தீர்மானித்திருக்கிறேன்.

கடைக்குப் போகிறவர்கள் காலையில் போங்கள். பின்னேரம் அவர் வெட்டு வேலையில் இருப்பார், மரத்தூள் பறக்கும், கொடியை விரிக்கக்கூடாது. கொடியை மடித்துக் கொண்டுபோகாமல், வெள்ளைத் துணி சுற்றிய மட்டைக் குழாயில் சுருட்டிக் கொண்டுபோங்கள். மடிப்பு விழுந்தால் இஸ்திரிக்கை பிடிக்க அவர் சம்மதிக்கமாட்டார், மை இருக்கிற துணியில் பிடிக்கவும் கூடாது. அக்ரிலிக் வேண்டுமா கண்ணாடி வேண்டுமா என்பதை முதல் நாளே சொல்லுங்கள். அரைவாசிக் காசு முற்பணம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கையால் எழுதித் தருவார்.